ஒரே ஒரு கட்டிலுக்காகத் திறந்திருந்த ஆஸ்பத்திரி

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்காவுக்கான முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து, நீங்கள் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். அங்கே நிழல் கிடையாது. ஆகவே சுருக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அக்காவைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் கதையாகவே வருகிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள்.

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அக்கா தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நான் இரண்டாவது. எங்களுக்கு இடையில் ஒன்பது வருடம். அப்பா உப்பளத்தில் காவல்காரராக இருந்தார். எனக்கு மூன்று வயதானபோது அம்மா பிரசவ வலியில் கிடந்தார். அப்போது ஊரில் ஆஸ்பத்திரி இல்லை. மாட்டுவண்டியில் திண்டிவனம் கொண்டுபோகும் வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். வண்டியில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அக்கா. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஓரிரு வருடத்தில் வெளிநாட்டிலிருந்து இரண்டு கன்னியாஸ்திரிகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் நர்ஸ். அவர்களுடைய பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் ஊர் அவர்களைப் பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர் என்றே கூப்பிட்டது. எங்கள் பங்குச் சாமியார் அவர்களுக்குப் பாழடைந்து கிடந்த ஓர் உப்புக் கிடங்கைக் கொடுத்தார். அதுதான் ஆஸ்பத்திரி. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். நோயாளிகளின் தலைமாட்டில் விழும் சுண்ணாம்பைப் பெருக்குவதே ஒரு வேலை.

முதலில் யாரும் போகவில்லை. "ஊசி போட்டு வேதத்துல சேத்துடுவாங்க" என்று மீனவக் குப்பத்தில் பயந்தார்கள். ஏற்கெனவே வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், இருந்த நாங்களும் பெரிதாகப் போகவில்லை. பிறகு ஒரு கோடையில் குப்பத்தில் வாந்திபேதி பரவியது. உறவுக்காரர்களே வீட்டுக்குள் நுழையப் பயந்த அந்த நாட்களில் சிஸ்டர்கள் இருவரும் கடற்கரையில் ஓலைக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். நிறையப் பேர் பிழைத்தார்கள். சின்ன சிஸ்டர் பிழைக்கவில்லை. அவருடைய பெட்டியைக் கோவில் கல்லறைக்குத் தோளில் சுமந்து வந்தவர்கள் குப்பத்து ஆண்கள். அவர்களில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் அல்ல. அன்றிலிருந்து அது "நம்ம ஆஸ்பத்திரி" ஆனது.

பெரிய சிஸ்டர் தனியாளானார். கைக்கு உதவி தேவைப்பட்டது. எட்டாம் வகுப்பு முடித்திருந்த அக்காவை அப்பா கொண்டுபோய் விட்டார். சில வருடம் கழித்துப் பெரிய சிஸ்டரே அக்காவை வெளியூருக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். வெள்ளை உடுப்போடு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளில் அப்பா வேலைக்குப் போகவில்லை. சவரம் செய்துகொண்டு சாலையில் போய் நின்றார்.

அந்த ஆஸ்பத்திரி நிறைந்திருந்த காலத்தை இதைப் படிக்கும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அங்கேயே பிறந்திருப்பீர்கள். உப்பு வாரும் மாதங்களில் உப்பளத்து ஆட்கள் கால் புண்ணோடு வாசல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். உப்புத் தண்ணீர் அரித்த பாதத்தில் மருந்து படும்போது பெரிய ஆம்பிளைகளும் பெற்ற ஆயாவின் பெயர் சொல்லிக் கத்துவார்கள். பெண் டாக்டர் என்பதால் கூனிமேட்டிலிருந்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள் கூண்டு வண்டியில் வருவார்கள். அக்காவுக்குப் பிரசவ அறை. குழந்தை அழுத பிறகு அவர் கதவைத் திறந்து வெளியே நிற்பவர்களிடம் முதலில் தாயைப் பற்றித்தான் சொல்வார். "அவங்க நல்லா இருக்காங்க." ஆணா பெண்ணா என்பது அதற்கப்புறம். அவசரப்பட்டுக் கேட்பவர்களுக்கும் அதே பதில்தான்.

அப்பா காலமான பிறகு, பெரிய முதலியார்சாவடியில் எனக்கு வரன் பார்த்துக் கல்யாணம் முடித்து வைத்தவர் அக்காதான். தனக்கு வந்த வரன்களை அவர் ஏன் தட்டினார் என்று உறவில் பலர் கேட்டதுண்டு. எனக்குத் தெரிந்த வரையில், வந்தவர்கள் எல்லோரும் வேலையை விடச் சொன்னார்கள். அவ்வளவுதான் காரணம்.

இனி நான் சொல்லப்போவது அஞ்சலை அம்மாளைப் பற்றி.

அஞ்சலை உப்பளத்தில் கூலிக்குப் போனவர். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டான்; பிள்ளைகள் இல்லை. எலும்புக்கு அறுவை செய்யும் வசதி இங்கே இல்லாததால் பெரிய சிஸ்டர் அவரை வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கூட்டம். கூட இருந்து பார்க்கவும் ஆள் இல்லை. அஞ்சலை பல வாரம் வராந்தாவில் தரையில் கிடந்தார். எலும்பு கோணலாகச் சேர்ந்து, முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு திரும்பி வந்தார். அதன் பிறகு அவர் நடக்கவில்லை. அந்தப் புண்களை ஆற்ற அக்காவுக்குப் பல மாதம் ஆனது. ஒருநாள் டிரஸ்ஸிங் செய்யும்போது அஞ்சலை கேட்டாராம்.

"இன்னொரு தபா என்னை எங்கியாச்சும் அனுப்பிடுவீங்களா நர்ஸம்மா?"

"அனுப்ப மாட்டேன்."

"மெய்யாலுமா?"

"நான் இருக்கிற வரைக்கும் அனுப்ப மாட்டேன். போதுமா? இப்போ திரும்பிப் படுங்க."

புண்ணைக் கழுவும் நேரத்தில் நோயாளிக்குச் சொல்லும் ஆறுதல்தான் அது. எந்த நர்ஸும் சொல்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி மெலியத் தொடங்கியது. கடலோரச் சாலையில் பஸ் அதிகமானது. ஒரு மணி நேரத்தில் புதுச்சேரிக்குப் போய்விடலாம் என்றால் உப்புக் கிடங்கில் யார் படுப்பார்கள்? பெரிய சிஸ்டரின் கண்ணில் புரை விழுந்தது. வெளிநாட்டிலிருந்து புதிய சிஸ்டர்கள் வரவில்லை. இங்கிருந்து வேலைக்கு வந்த டாக்டர்கள் ஒரு மழைக்காலம் தாங்கியதும் மாற்றல் கேட்டார்கள். முடிவில் சிஸ்டர்களின் சபையிலிருந்து உத்தரவு வந்தது: ஆஸ்பத்திரியை மூடுவது, பெரிய சிஸ்டர் தாய்நாடு திரும்புவது, அக்காவுக்கு உள்நாட்டில் அவர்களுடைய இன்னொரு ஆஸ்பத்திரியில் வேலை.

அக்காவை வழியனுப்ப நான் போயிருந்தேன். நோயாளிகள் ஒவ்வொருவராக வீட்டுக்கும் வேறு ஆஸ்பத்திரிகளுக்கும் போய்விட்டிருந்தார்கள். அஞ்சலையுடையது தவிர மற்றக் கட்டில்கள், அலமாரிகள், அறுவை மேசை எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. அஞ்சலையை வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒரு வேன் வந்து நின்றது. இரண்டு பேர் உள்ளே போனார்கள். அவர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கத்தவில்லை. வேன்காரர்கள் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்கள். அவர் அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க அவங்களை" என்றார் அக்கா. "வண்டி போகட்டும்."

பெரிய சிஸ்டருக்குக் கண் சரியாகத் தெரியாது. நடந்ததைக் காதால் கேட்டுக்கொண்டு அருகில் வந்தார். அவருடைய தமிழ் கடைசி வரையில் ஒரு தனி மாதிரித் தமிழ்தான். "மகளே, ஒரு ஆளுக்காக ஒரு ஆஸ்பத்திரி நடத்த முடியாது" என்றார்.

"தெரியும் சிஸ்டர். நான் ஆஸ்பத்திரி நடத்தலை. இவங்களோட இருக்கேன், அவ்ளோதான்."

பெரிய சிஸ்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். "சின்ன சிஸ்டர் செத்தப்போ எனக்கும் திரும்பி வா என்று சொன்னாங்க. நானும் கேக்கல" என்றார். பிறகு லாரிக்காரரைக் கூப்பிட்டு, ஒரு மருந்து அலமாரியையும் துணிப் பெட்டியையும் இறக்கி வைக்கச் சொன்னார். அக்காவின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். வண்டி போனதும் புழுதி அடங்கும் வரையில் அக்கா வாசலிலேயே நின்றார். நான் கையைப் பிடித்தேன்.

அன்று தொடங்கி ஏறக்குறைய ஐந்து வருடம் அந்த நீண்ட கிடங்கில் ஒரு நோயாளியும் ஒரு நர்ஸும் மட்டும் இருந்தார்கள். பங்குச் சாமியார் கட்டிடத்தில் தங்கிக்கொள்ள அனுமதித்தார். அக்கா காலையில் மருந்துப் பையோடு உப்பளத்துக்குப் போய்க் கால் புண்களுக்குக் கட்டுப் போடுவார். பிரசவம் என்று அழைத்தால் வீட்டுக்குப் போவார். அவர்கள் கொடுக்கும் மீனும் அரிசியும் இரண்டு வயிற்றுக்குப் போதும். மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், நடமாட்டமே இருக்காது. அந்த மாதங்களில் நான் போய் இறங்கினால், பஸ் சத்தம் கேட்டே அக்கா பாதி தூரம் வந்து நிற்பார்.

அஞ்சலை லேசான மனுஷி அல்ல. கஞ்சியில் உப்பில்லை என்பார். போட்டால் கரிக்கிறது என்பார். எல்லாக் கட்டில்களும் போன பிறகும் அவருடைய கட்டில் பழைய இடத்திலேயே, கூடத்தின் நடுவில் கிடந்தது. ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்.

"ஏம்மா, இம்மாம் பெரிய கூடத்துல என்னை நட்ட நடுவுல போட்டு வெச்சிருக்கியே, நா இன்னா தேரா?"

அக்கா சிரித்ததை அன்றுதான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். நாங்கள் இருவருமாகக் கட்டிலை உப்பளம் தெரிகிற வாசல் பக்கம் இழுத்துப் போட்டோம். அதற்கப்புறம் அங்கே வேலை செய்கிறவர்களை அஞ்சலை படுத்தபடியே அதட்டத் தொடங்கினார். "டேய், அந்த வரப்பு கரையுது பாரு!" என்று அவர் கத்துவது பாத்தி வரைக்கும் கேட்கும்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. திண்டிவனத்தில் ஆசிரியர். மனைவியை இழந்தவர், என் கணவருக்குத் தெரிந்தவர். வேலையை விட வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எங்களோடு வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அக்காவிடம் பேசினார். நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை.

"அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லத்தான் ஆசைங்க. வீட்ல எங்க அம்மா படுக்கையில இருக்காங்க. இடமும் இல்ல. பொய் சொல்ல விரும்பலைங்க."

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றார் அக்கா.

"ஒண்ணும் அவசரமில்ல. நான் காத்திருக்கேங்க."

அக்கா நிமிர்ந்து, "தயவு செஞ்சு அப்படி மட்டும் சொல்லாதீங்க" என்றார். "நீங்க காத்திருக்கீங்கன்னா நானும் காத்திருக்கணும். நான் எதுக்குக் காத்திருப்பேன்? இவங்க எப்போ சாவாங்கன்னுதானே. தினமும் கஞ்சி ஊட்டுறப்போ அது மனசுல ஓடும். என்னால முடியாதுங்க."

ஆசிரியர் எழுந்து கும்பிட்டார். அக்காவும் கும்பிட்டார். அவர் நடந்து சாலைக்குப் போனார். அக்கா அழவில்லை. ஆனால் உள்ளே போகாமல் அந்தப் பெஞ்சிலேயே, அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தொடாமல், ஓரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெறும் கூடத்தில் எந்தப் பேச்சும் எதிரொலிக்கும். அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். அன்று மத்தியானம் அவர் வாயைத் திறக்க மறுத்தார்.

"நா உனக்குப் பாரமா கீறேன்."

"பாரம்தான்" என்றார் அக்கா. "அதுக்கு இன்னா இப்போ? சாப்பிடுங்க."

அஞ்சலை அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். பாரமே இல்லை என்று அக்கா சொல்லியிருந்தால் அவர் அன்று சாப்பிட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒரு கார்த்திகை மாதத்தில் புயல் வந்தது. கடல் குப்பத்துக்குள் ஏறியது. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு உயரமான இடம் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள். சில நாட்கள் அந்தக் கூடம் முழுக்க ஆட்கள். அக்கா காய்ச்சலும் காயமும் பார்த்து, உலை வைத்து, ஒரு பிரசவமும் பார்த்தார். அஞ்சலை கட்டிலிலிருந்தபடியே யார் எங்கே படுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாராம். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். அதற்கடுத்த வாரம் நான் போனபோது அக்கா கூடத்தைக் கழுவி முடித்துவிட்டு நின்றார். "எல்லாரும் போறப்போ சொல்லிட்டுத்தான் போனாங்க. ஆனா முன்னைவிட இப்போதான் ரொம்ப வெறிச்சுனு இருக்குதுடி" என்றார். அக்கா தன் நிலையைப் பற்றிக் குறையாக என்னிடம் சொன்னது அந்த ஒரு முறைதான்.

அஞ்சலை அம்மாள் ஒரு காலை நேரத்தில், உப்பு வாரும் பருவத்தில், வாசலைப் பார்த்தபடியே இறந்துபோனார். சொந்தம் என்று யாரும் வரவில்லை. உப்பளத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பாடை கட்டினார்கள். அக்காவும் அவர்களோடு புறப்பட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் மறித்தார்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றது நம்ம ஊர்ல வழக்கமில்லம்மா."

"நான் நர்ஸுங்க. பேஷண்டைப் பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன்."

அவர் வழி விட்டார். அக்கா வெள்ளை உடுப்போடு வரப்பின் மேல் எல்லோருக்கும் பின்னால் நடந்து போனார்.

அதன் பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஆசிரியருக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. அக்கா அதைக் கேட்டு, "நல்லதாச்சு" என்றார். நான் கட்டாயப்படுத்தி முதலியார்சாவடிக்கு அழைத்து வந்தேன். என் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார், சமையலுக்கு உதவினார். ஆனால் மத்தியான வேளையில் எழுந்து எழுந்து நிற்பார், யாரோ கூப்பிட்டது போல. ஒரு மாதத்தில் திரும்பிப் போய்விட்டார். உப்பளத்துக் கால்களுக்குக் கட்டுப் போடுவது மட்டும் மிச்சமிருந்தது. அந்தப் பெரிய கட்டிடத்தில் அதற்கப்புறம் அவர் தனியாகவே இருந்தார்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உப்பளத்துப் பெண் ஒருத்தி பஸ் ஏறி வந்து, "நர்ஸம்மா கண்ணு மஞ்சளா கீதுங்க, வந்து பாருங்க" என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் சேர்த்தோம். முற்றிவிட்டது என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மா இருந்தார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை என்பதை அக்கா முதல் நாளே கவனித்துவிட்டார். "நாளைக்கு வர்றப்போ கஞ்சி கொஞ்சம் கூட எடுத்துனு வா. அவங்களுக்கும் வேணும்" என்றார். அன்றிலிருந்து இரண்டு தூக்குவாளிகளில் கொண்டுபோனேன். அந்த வார்டில் நோயாளிகளோடு உறவினர் இரவு தங்க அனுமதி இல்லை. ஒரு சாயங்காலம் நான் விடைபெற்று வந்தேன். விடிந்து போனபோது அக்கா இல்லை. நாற்பத்து மூன்று வயது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அடக்கத்துக்கு இடமும் செபமும் தந்த பங்குச் சாமியாருக்கும், புதுச்சேரி வார்டில் அக்காவைத் தங்களில் ஒருவராகப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், செய்தி சொல்ல ஓடி வந்த அந்த உப்பளத்துப் பெண்ணுக்கும், பெட்டியைச் சாலையிலிருந்து கல்லறை வரைக்கும் தூக்கி வந்த குப்பத்து மக்களுக்கும், கூனிமேட்டிலிருந்து வந்து வெளியே நின்று துஆ செய்த பெரியவர்களுக்கும், குடும்பத்தோடு வந்து ஒன்றும் பேசாமல் பூ வைத்துவிட்டுப் போன ஆசிரியருக்கும் எங்கள் வீட்டார் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் ஒருவர் உண்டு. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் கை பழக்கத்தில் இரண்டு தூக்குகளிலும் கஞ்சியை ஊற்றிவிட்டேன். பிறகு ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அக்காவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். நான் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்து முடித்தார்.

"உங்க அக்காவுக்கு விடியக்காத்தால மூச்சு ஒரு மாதிரி இழுத்துதும்மா" என்றார். "நர்ஸைக் கூப்பிட்டேன். அவங்க டாக்டரைக் கூட்டியாரப் போனாங்க. நான் எறங்கிப் போய்க் கையப் புடிச்சுனு உக்காந்தேன். வேற இன்னா பண்றது, எனக்கு ஒண்ணுந் தெரியாது. டாக்டர் வர்ற வரைக்கும் புடிச்சுனேதான் இருந்தேன். அதுக்குள்ள போய்ட்டாங்க."

அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் வீடு திரும்பும் வரையில் கஞ்சி கொண்டுபோனேன். அக்கா தனியாகப் போகவில்லை என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். அவருக்கு இந்த மலரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று தெரியாததால், இங்கேயே கும்பிட்டுக்கொள்கிறேன்.